சைகோனில் எண்ணெய்ச் சட்டி வைத்திருக்கும் மகனுக்கு

ஏகாம்பரம்,

நலம், நலமறிய ஆவல் என்றுதான் கடுதாசியைத் தொடங்க வேண்டும் என்று கன்னியாஸ்திரீகள் பள்ளியில் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இன்று அதை எழுத எனக்கு மனசு வரவில்லை. உன் கடுதாசி கைக்கு வந்தது. தபால்காரர் வில்லியனூர்ச் சந்தை முழுக்கக் கேட்கிற மாதிரி, "சைகோன்லருந்து வந்திருக்குதும்மா, புள்ள இன்னா எழுதியிருக்கான் பாரு" என்று கத்திக் கொடுத்துவிட்டுப் போனார். மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு அங்கேயே பிரித்தேன். கடை போட்டிருக்கிறாய். நம்ம ஊர் ஆட்கள் நிறைய இருக்கிற தெருவில் வடை, பஜ்ஜி, காராசேவு போடுகிறாய். இங்கே வாங்கி வைத்ததைப் போலவே காற்றடிக்கிற சீமெண்ணெய் அடுப்பு, அதைவிடப் பெரிசு. ஆனால் எண்ணெய் சீக்கிரம் கறுத்துப் போகிறது, நுரைத்துக்கொண்டு மேலே வருகிறது, அடுப்பு மஞ்சளாக எரிந்து சட்டி அடியெல்லாம் கரி அப்புகிறது, அம்மா நீ எப்படிச் செய்வாய், ஒன்று விடாமல் எழுது என்று கேட்டிருக்கிறாய். எண்ணெயைக் கேட்டாய், அடுப்பைக் கேட்டாய், சட்டியைக் கேட்டாய். நம்ம கடையில் சட்டிக்கு நின்ற பூங்காவனத்தின் கை எப்படி இருக்கிறது என்று நீ கேட்கவில்லை. காகிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் எங்கேயாவது இடுக்கி எழுதியிருப்பாயோ என்று வெயிலில் பிடித்துக்கூடப் பார்த்தேன். இல்லை. ஒரு பெண்பிள்ளையின் கை வெந்து போன அதே மாதிரிச் சட்டியைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறாய், அவள் பேர் உன் பேனாவில் வரவில்லை. உனக்கு எப்படிடா சோறு இறங்குகிறது?

நீ கேட்டதற்கெல்லாம் பதில் எழுதுகிறேன். ஏன் எழுதுகிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். உன் மேல் கோபம் ஆறிவிட்டது என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே.

முதலில் அடுப்பு. நீ அதைப் புதுச்சேரியிலிருந்து மாட்டு வண்டியில் வைக்கோல் சுற்றிக் கொண்டுவந்து இறக்கின அன்றைக்குச் சந்தையில் பாதிப் பேர், "இவளுக்குப் புள்ளயாலதான் கேடு, வெறகடுப்ப விட்டுட்டு வெடிகுண்ட வாங்கியாந்திருக்கான்" என்றார்கள். நான் சொன்னேனா? உங்கப்பா செத்த வருஷத்திலிருந்து சவுக்கு விறகுப் புகையில் நின்று என் கண் இரண்டும் பழுத்துப் போயிருந்தது. ஊதாப்பூ மாதிரி அந்தத் தீ சத்தம் போட்டு எரிந்ததைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. அதனால் கேட்டுக்கொள், அந்த அடுப்பின் மேல் எனக்கு இன்றைக்கும் குறை இல்லை. அது சொன்ன பேச்சுக் கேட்கிற சாமான். அதற்கு என்ன வேண்டும் என்று நீதான் ஒரு நாளும் குனிந்து பார்க்கவில்லை. வாங்கி வந்ததோடு உன் வேலை முடிந்தது. விற்ற கடைக்கே ரயிலேறிப் போய், அங்கே இருந்த ஆளை உட்கார வைத்துக் கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டு வந்தது நானும் பூங்காவனமும். நீ கல்லாப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து தலைக்கு எண்ணெய் தடவி வாரிக்கொண்டிருந்தாய். ஆம்பளைப் பிள்ளை கரிச்சட்டி தேய்க்கக் கூடாது என்று உன் மாமன் சொன்னதை நானும் கேட்டுத் தொலைத்தேன்.

தீ மஞ்சளாக எரிந்தால் அடுப்பின் வாயில் இருக்கிற ஊசித்துளை அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். உடனே இன்னும் நாலு தடவை காற்றடிக்கத்தான் உன் கை போகும். அடிக்காதே. தொட்டி மேல் இருக்கிற காற்றுத் திருகை முதலில் திற, காற்று முழுக்க இறங்கட்டும், தீ அணையட்டும், இரும்பு ஆறட்டும். அப்புறம் ஊசியைத் துளையில் நேராக விட்டு எடு. கோணலாகக் குத்தினால் துளை அகலித்து, பிறகு எந்தக் காலத்திலும் ஊதா வராது. சீமெண்ணெயைத் துணியில் வடிகட்டித் தொட்டியில் ஊற்று. முழுக்க நிரப்பாதே, காற்றுக்கு இடம் விடு. அடுப்பு சூடாக இருக்கும்போது ஊற்றவே ஊற்றாதே. காற்றடிக்கிற தண்டுக்குள்ளே ஒரு தோல் வளையம் இருக்கும். அது காய்ந்தால் காற்று பிடிக்காது. தேங்காயெண்ணெயில் ஊறவைத்துப் போடு. தொட்டிக்கும் அடுப்புக்கும் நடுவே ஓடுகிற குழாயின் மூட்டுகளைத் தினமும் காலையில் விரலால் தடவிப் பார், ஈரம் இருந்தால் அன்றைக்கு அடுப்பைப் பற்றவைக்காதே. கூட்டம் திரும்பிப் போனால் போகட்டும். சட்டி ஆடாமல் உட்கார வேண்டும். இங்கே செங்கல் அணைத்து வைத்திருந்தோமே, அந்த மாதிரி மூன்று பக்கமும் அணை. தொட்டி இருக்கிற பக்கத்தில் ஆள் போய் நிற்க வழி விடு. அதை ஏன் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

இனி எண்ணெய். உன் எண்ணெய் கறுக்கிறது என்றால் அதில் கருகின தூள் கிடக்கிறது. மாவுத் துணுக்கு, மிளகாய் விதை, உதிர்ந்த பருப்பு எல்லாம் அடியில் போய்க் கரியாகி அந்தக் கசப்பை எண்ணெய்க்கு ஏற்றும். ஒவ்வொரு ஈடு எடுத்ததும் ஜல்லிக்கரண்டியால் அரித்து எடு. சாயங்காலம் கடை எடுத்து வைக்கும்போது, எண்ணெய் வெதுவெதுப்பாக இறங்கின பிறகு, மெல்லிசு வேட்டித் துணியில் வடிகட்டி வேறு பாத்திரத்துக்கு மாற்று. கொதிக்கிற எண்ணெயைத் தூக்காதே. சட்டியின் அடியில் பிசின் மாதிரி ஒட்டியிருப்பதைத் தேங்காய்த் தொட்டியால் சுரண்டு, சாம்பலும் தவிடும் போட்டுத் தேய். தண்ணீர் விட்டுக் கழுவினாயானால் துணியால் துடைத்துவிட்டு, வெறும் சட்டியைத் தீயில் வைத்துக் காயவிட்ட பிறகுதான் எண்ணெயை ஊற்ற வேண்டும். ஒரு சொட்டு ஈரம் அடியில் ஒளிந்திருந்தால் போதும், எண்ணெய் சூடானதும் வெடித்து முகத்தில் அடிக்கும். புதுச் சட்டி வாங்கியிருந்தால் புளி கரைத்துக் கொதிக்க வைத்து ஊற்றிவிட்டு, கஞ்சி காய்ச்சி ஊற்றிவிட்டு, அப்புறம் எண்ணெய் தடவிப் பழக்கு. உங்கப்பா திருக்கனூர்ச் சந்தையில் நம்ம இருப்புச் சட்டியை வாங்கி வந்து அப்படித்தான் பழக்கினார். அதுதான் இன்னும் கடையில் இருக்கிறது, தீப்பிடித்தும் அது விரிசல் விடவில்லை.

எண்ணெய் பாதிச் சட்டிக்கு மேல் போகக் கூடாது. பாதி என்றால் பாதி. நேற்றைய எண்ணெயில் புது எண்ணெயைக் கலந்துகொண்டே போனால் அது புதிசாகிவிடும் என்று உனக்கு ஒரு நினைப்பு. புது எண்ணெயும் கெட்டுப்போகும், அவ்வளவுதான். மாவைப் போட்டதும் பெரிய பெரிய கொப்புளமாக வந்து அடங்கினால் எண்ணெய் உயிரோடு இருக்கிறது. சோப்பு நுரை மாதிரி பொடி நுரையாக எழும்பி, அடங்காமல் விளிம்புக்கு வந்தால் அது செத்த எண்ணெய். கரண்டியில் எடுத்தால் தேன் மாதிரி இழுக்கும், மூக்கில் காரமாக ஏறும். அதைப் பலகாரத்துக்குப் போடாதே. இங்கே வண்டிக்காரர்கள் அச்சுக்குப் பூச வாங்கிப் போவார்கள். அங்கே யாருக்கு வேண்டுமோ கொடு. இதெல்லாம் உனக்குத் தெரியாதா? அந்தத் தேர்த் திருவிழா அன்றைக்குப் பூங்காவனம் உன்னிடம் இதைத்தானே சொன்னாள்?

ஆமாம், அங்கேதான் வருகிறேன். உன்னோடு அங்கே இருக்கிறவர்களிடம் நீ எப்படிச் சொல்லி வைத்திருக்கிறாயோ, எனக்குத் தெரியாது. நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன், நீ மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ள முடியாதபடி.

என் தங்கையின் மாமனார் செத்துப் போனார் என்று கரையாம்புத்தூருக்கு நான் போக வேண்டி வந்தது. தேருக்கு முன்னால் இப்படி ஆகிறதே என்று கலங்கினேன். "நீ போய்ட்டு வாக்கா, சட்டிய நான் பாத்துக்கிறேன்" என்றாள் பூங்காவனம். மடுகரைக்காரி, புருஷன் இல்லாதவள், வயசுக்கு வந்த மகளை வைத்துக்கொண்டு நம்ம கடையை நம்பி வில்லியனூரில் குடியிருந்தவள். அவள் போட்ட முறுக்கைக் கல்யாண வீடுகளில் கேட்டு வாங்குவார்கள், அவள் கைராசி அப்படி. சட்டியை அவளிடமும் கடையை உன்னிடமும் விட்டுவிட்டுப் போனேன். நான் வண்டி ஏறின மறு நிமிஷமே நீ துரை ஆகிவிட்டாய். எண்ணெயை வடிகட்டினால் நேரம் போகிறது என்று நிறுத்தினாய். தீயணைக்க வைத்திருந்த மணல் கூடை இடத்தை அடைக்கிறது என்று வெளியே தள்ளிவிட்டு அங்கே பெஞ்சு போட்டாய். சட்டிக்கு மேலே மாட்டியிருந்த இரும்பு மூடியைக் கழற்றி, கல்லாப் பக்கத்தில் பஜ்ஜி குவித்து வைக்கத் தாம்பாளமாக எடுத்துக்கொண்டாய். தேரன்றைக்குக் கூட்டம் நெரித்தது. ஒரே ஈட்டில் நிறையப் போடலாம் என்று எண்ணெயை விளிம்புக்கு நாலு விரல் கீழே வரைக்கும் ஊற்றினாய்.

"தம்பி, பொடி நுர வருது. இத எறக்கிட்டு வேற எண்ண ஊத்திக்கலாம்" என்று அவள் சொன்னாள்.

"கூட்டம் நிக்குது தெரியல? நீ பேசாம போடு" என்று நீ சொன்னாய்.

"தீயும் மஞ்சளா போவுது தம்பி. செத்த நேரம் அணைச்சிட்டு ஊசி போட்டுர்றேன்."

"எங்கம்மா இல்லன்னா நீதான் மொதலாளியா? போடுன்னா போடு!"

அவள் போட்டாள். நுரை பொங்கி விளிம்பைத் தாண்டிச் சட்டியின் வெளிப்பக்கமாக வழிந்து தீயில் விழுந்தது. அடுத்த மூச்சுக்குள் சட்டியே எரிந்தது. அவள், "தண்ணி ஊத்தாத, மூடியக் குடு!" என்று கத்தினாள். எதிரே நின்ற நெய்க்காரரின் மனைவிக்கு அது கேட்டது, தேர் வடத்தருகே நின்றவர்களுக்குக் கேட்டது. மூடியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த உனக்குக் கேட்கவில்லை. கை கழுவ வைத்திருந்த தவலையைத் தூக்கி அப்படியே சட்டியில் கவிழ்த்தாய். கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும் என்று இப்போது உனக்குத் தெரியும். தீ கூரைக் கீற்று வரைக்கும் எழும்பியது. நீ வெளியே ஓடினாய். சுற்றிப் பிள்ளை குட்டிகளோடு ஜனம். குழாய் வழியே தீ தொட்டிப் பக்கமாக ஓடுகிறது. தொட்டி நிறையச் சீமெண்ணெய், அதில் நீ இறுக்கி அடித்த காற்று. அவளும் ஓடியிருக்கலாம். அவளுக்கு ஒரு மகள் இருக்கிறாள். அவள் வழியை மறித்த உன் பெஞ்சை எட்டி உதைத்துவிட்டு, தீக்குள்ளே வலது கையை விட்டு அந்தக் காற்றுத் திருகைத் திறந்தாள். திறக்கிற வரைக்கும் கையை எடுக்கவில்லை. காற்று இறங்கின பிறகுதான் ஆட்கள் தெரு மண்ணை வாரி எறிந்து தீயை அடக்க முடிந்தது. அன்றைக்கு அந்தத் தொட்டி வெடித்திருந்தால் எத்தனை வீட்டில் ஒப்பாரி என்று நினைத்துப் பார்த்திருக்கிறாயா? அன்றைக்கு உயிர் தப்பினவர்களில் ஒருவர்கூட அவளைத் தூக்கி வைத்துக் கொண்டாடவில்லை. ஏன் என்றால் அதற்குள் நீ வேறு கதை சொல்லிவிட்டாய். போலீஸ் கொமிசேர் வந்து எப்படித் தீப்பிடித்தது என்று விசாரித்தபோது, "வேலைக்காரப் பொம்பள தண்ணிய ஊத்திட்டா" என்று சொல்லி, எழுதினதில் கையெழுத்தும் போட்டாய். அவள் அப்போது மயங்கிக் கிடந்தாள்.

நான் திரும்பி வந்தபோது ரயில்வே கேட்டிலேயே விஷயம் காதில் விழுந்தது. கடைக்கு வந்தால் பாதிக் கூரை இல்லை. நீ நொந்துபோன முகத்தோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். உன் கை இரண்டையும் தொட்டுப் பார்த்தேன், ஒரு கொப்புளம் இல்லை. பெற்ற வயிறு, முதலில் குளிர்ந்துதான் போயிற்று. "அவதாம்மா தண்ணிய ஊத்திட்டா" என்றாய். உடனே தருமாஸ்பத்திரிக்கு ஓடினேன். முழங்கைக்கு மேல் வரைக்கும் வாழையிலை சுற்றிப் படுத்திருந்தாள். கழுத்தும் ஒரு பக்கக் காதும் வெந்திருந்தது. "இத்தினி வருஷமா சட்டி முன்னாடி நின்னவ நீ, தண்ணிய ஏன்டி ஊத்துன?" என்று கேட்டேன். அவள் என்னையே பார்த்தாள். அழவில்லை. "கொமிசேரு எழுதிக்கினு போயிட்டாராம். நான் இன்னாத்த சொல்ல? உன் புள்ளயப் போய்க் கேளுக்கா" என்றாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வந்து கேட்டேன். நீ முதலில் இல்லை என்றாய். அந்தத் தவலை இருந்தது கல்லாப் பக்கத்தில், அவள் நின்றது சட்டிக்கு அந்தப் பக்கம், நடுவில் நீ போட்ட பெஞ்சு, பறந்துபோய் எடுத்தாளா என்று கேட்டேன். "பயத்துல ஊத்திட்டேம்மா" என்றாய்.

நன்றாகக் கேள் ஏகாம்பரம். தண்ணீர் ஊற்றினதற்கு அன்றைக்கு நான் உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. நெருப்பைக் கண்டால் தண்ணீரைத் தேடுவது யாருக்கும் வருகிற புத்தி. ஓடினதற்குக்கூட நான் திட்டவில்லை. உயிர் எல்லோருக்கும் வெல்லம். "அப்ப ஏன்டா அவ மேல சொன்ன?" என்றுதான் கேட்டேன். "கப்பலுக்குக் காயிதம் வாங்கணும்மா. என் மேல கேசு கீசுன்னு வந்தா கொமிசேரு நன்னடத்தைன்னு எழுதிக் குடுக்க மாட்டாரு. அவளுக்கு இன்னா போவுது? அவ எங்கியும் கப்பலேறப் போறாளா?" என்றாய். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் கிடக்கிறது. அவளுக்கு என்ன போகிறது! தீயில் கையை விட்டவளைப் பார்த்து, உன்னைக் காப்பாற்றினவளைப் பார்த்து, அவளுக்கு என்ன போகிறது என்று கேட்க உன்னால் முடிந்தது. அப்போதும் நான் அடிக்கவில்லை. காலையில் முதல் வேலையாகப் போய் உள்ளதைச் சொல்லிவிடு, கப்பல் போனால் இன்னொரு கப்பல் என்றேன். சரி என்று என் கையில் அடித்துச் சத்தியம் செய்தாய். பொழுது விடிந்து நான் எழுந்தபோது உன் பெட்டியும் இல்லை, நீயும் இல்லை. நீ காயிதத்தை வாங்கிக்கொண்டு ஏறிவிட்டாய் என்று, கப்பல் புறப்பட்டுப் போன பிறகுதான் உன் மாமன் வந்து சொன்னான்.

அவளுக்கு என்ன போயிற்று என்று சொல்கிறேன், கேட்டுக்கொள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளைத் தெருவில் பார்த்தவர்கள், கடையைக் கொளுத்தினவள் என்று பேசினார்கள். ராசியான கை என்று கூப்பிட்டவர்கள் வாயாலேயே ராசி கெட்ட கை என்றார்கள். முகூர்த்த மாசத்தில் ஒரு கல்யாண வீட்டுக்காரரும் அவளைப் பலகாரம் போடக் கூப்பிடவில்லை. அவள் மகளுக்குக் கரையாம்புத்தூரில் பேசி, பூ வைத்து முடித்திருந்த சம்பந்தம், "அம்மாக்காரி கை அப்படி, பொண்ணு கை எப்படியோ" என்று சொல்லி நின்றுபோயிற்று. நீ கொமிசேர் முன்னால் சொன்ன ஒரு பொய் எங்கெங்கே போய் யார் யார் வாசலில் உட்கார்ந்தது பார்த்தாயா?

நான் கொமிசேரிடம் போனேன். தமிழும் பிரெஞ்சும் தெரிந்த குமாஸ்தா பக்கத்தில் இருந்தார். "பையன் கையெழுத்துப் போட்டுட்டுக் கப்பலேறிட்டான், நீ எதுக்கும்மா கிளர்ற? சொந்தப் பிள்ளை பேரை நீயே கெடுப்பியா?" என்றார். "அவன் பேரு நான் வெச்சது. கெட்டுப்போனா நான் பாத்துக்கிறேன், நீங்க எழுதுங்க" என்றேன். எழுதினார்கள். என் கையெழுத்தைத் தமிழில் போட்டேன். அது போதாது என்று பட்டது. பொய் சந்தையில்தானே சுற்றுகிறது, காகிதம் கொமிசேர் மேஜையில் கிடந்து என்ன பிரயோசனம்? அடுத்த சந்தை நாளில், ஜனம் நிறைந்த நேரமாகப் பார்த்து, நம்ம இருப்புச் சட்டியை வெளியே தூக்கி வைத்துக் கரண்டியால் தட்டினேன். "தண்ணி ஊத்துனது எம்புள்ள ஏகாம்பரம். எண்ணெ நுரைக்குதுன்னு சொன்னவ பூங்காவனம். தொட்டி வெடிக்காம திருகத் தொறந்தவ பூங்காவனம். இங்க நிக்கிற உங்க உசுரு அவ கையில வெந்து கெடக்குது" என்று சொன்னேன். ஒருத்தர் சிரித்தார். "புள்ளய வுட்டுக் குடுக்கிற தாயி இப்பதான் பாக்குறேன்" என்றார். அப்போது அந்த நெய்க்காரர் மனைவி கூடையைக் கீழே வைத்துவிட்டு, "மூடியக் குடுன்னு அவ கத்துனது என் காதுல வுழுந்துச்சு. பெரிய எடத்துப் பேச்சு நமக்கேன்னு வாய மூடிக்கினேன்" என்று எல்லோர் எதிரிலும் சொன்னாள். பெரிய இடமாம்! வடை சுட்டு விற்கிற நாம் அவளுக்குப் பெரிய இடம். பிறகு இன்னொருவர், பிறகு இன்னொருவர். இத்தனை பேருக்குத் தெரிந்திருக்கிறது, இத்தனை பேரும் சும்மா இருந்திருக்கிறார்கள். உன் மேல் வந்த ஆத்திரத்தில் பாதியை அன்றைக்கு அந்தச் சந்தை மேல் கொட்டித் தீர்த்தேன்.

அப்புறம் கரையாம்புத்தூர்க்காரர் தாம்பூலத்தோடு வந்தார். தப்பாகக் கேள்விப்பட்டுவிட்டோம், கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்றார். நான் சந்தோஷப்பட்டுப் பூங்காவனத்தைக் கூப்பிட்டேன். அவள் வந்து நின்று, "ஒரு பேச்சக் கேட்டு ஓடுனீங்க. இன்னொரு பேச்சக் கேட்டு வந்திருக்கீங்க. நாளைக்கு மூணாவது பேச்சு வந்தா எம்பொண்ணு எங்க போவா? எடுத்துக்கினு போங்க" என்றாள். மகளும் கதவுக்குப் பின்னாலிருந்து ஆமாம் என்று தலையாட்டினாள். அவர் என்னைப் பார்த்தார். சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது?

இப்போது அவள் நம்ம கடையில்தான் இருக்கிறாள். வேலைக்காரியாக இல்லை, கடையில் பாதி அவளுடையது. அதை மேரி ஆபீசுப் பத்திரத்தில் பதிந்துவிட்டேன். உனக்கு அதில் மனத்தாங்கல் இருந்தால் இருக்கட்டும். வலது கை விரல்கள் முழுக்க மடங்குவதில்லை. முறுக்கு பிழிய அவளால் இனி முடியாது, மகள் பிழிகிறாள். இடது கையால் ஜல்லிக்கரண்டி பிடித்து ஈடு எடுக்கப் பழகிக்கொண்டாள். வெயில் காலத்தில் தோல் இழுத்து எரிகிறது என்று ஈரத் துணி சுற்றிக்கொள்கிறாள். கல்யாண வீட்டுக்காரர்கள் சிலர் மறுபடியும் கூப்பிடுகிறார்கள். சிலர் கூப்பிடவில்லை. சந்தையில் நான் சட்டியைத் தட்டினதோடு எல்லாம் நேராகிவிட்டது என்று நினைக்காதே. பொய் ஓடின தூரத்துக்கு நிஜம் ஓடாது போலிருக்கிறது.

உன் கடுதாசியைப் படித்ததும் நான் அதைக் கசக்கி அடுப்பில் போடத்தான் போனேன். பூங்காவனம் என் கையைப் பிடித்து, "இன்னாக்கா எழுதியிருக்கான்?" என்று கேட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நீ கேட்டிருந்ததை ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். எண்ணெய் நுரைக்கிறது என்பதைப் படித்தபோது அவள் வேலையை நிறுத்திவிட்டாள். தீ மஞ்சளாக எரிகிறது என்பதைக் கேட்டதும், "அங்க சட்டிகிட்ட யாரு நிக்கிறாங்களாம்? அவனா?" என்றாள். அவன் ஒரு நாளும் நின்றதில்லையே, கூலிக்கு யாரையாவது வைத்திருப்பான் என்றேன்.

"அப்ப எழுதுக்கா. எல்லாத்தையும் எழுது, ஊசி போடுறதுலருந்து. மூடி கைக்கெட்டுற எடத்துல தொங்கணும்னு எழுது. நிக்கிறவங்க நுரைக்குதுன்னு சொன்னா எறக்கச் சொல்லி எழுது."

இத்தனை பக்கம் நான் எழுதினது அந்தச் சட்டிக்கு முன்னால் நிற்கிற, பேர் தெரியாத ஆளுக்காக. இதை அவருக்கு அவர் பாஷையில் படித்துக் காட்டு. எழுதி முடித்து இங்கே இவளுக்கும் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள். கடைசியில், "பூங்காவனம் உன்ன மன்னிச்சிட்டாள்னு ஒரு வரி சேத்துக்கட்டுமா?" என்று கேட்டேன். எனக்கு ஆசை இருந்தது, பெற்றவள்தானே.

"அத எழுதாத" என்றாள். "நான் அப்படிச் சொல்லல."

எழுதவில்லை.

உன் அம்மா